தலைக்கு மேலே ஒரு ஜன்னல்!

கேம்பஸ் க்ளிக்



மெரினா பீச். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். பஞ்சுமிட்டாய்க் குச்சியைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு ஒருத்தர் மணல்ல நடந்து வர்றார். பின்னாடி நீலக் கடல், முன்னாடி ரோஸ் கலர்ல தொங்குற பாக்கெட்டுகள். 'அட, செம ஃப்ரேம்!'னு உங்க குட்டி டிஜிட்டல் கேமராவை எடுத்து, ரெண்டு கையையும் நீட்டி, ஸ்க்ரீனைப் பார்க்கிறீங்க. என்ன தெரியுது? பஞ்சுமிட்டாயும் இல்ல, கடலும் இல்ல. கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கிற உங்க மூஞ்சிதான் தெரியுது! வெயில்ல ஸ்க்ரீன் முகம் பார்க்கிற கண்ணாடி ஆயிடுச்சு. நீங்க உள்ளங்கையால நிழல் பண்ணி, கேமராவைச் சாய்ச்சு, நிமிர்த்திப் பார்க்கிறதுக்குள்ள அவர் கண்ணகி சிலையைத் தாண்டிப் போயிட்டார்.

இந்த அனுபவம் உங்கள்ல பல பேருக்கு இருக்கும். சில வருஷமா காலேஜ் பசங்க கையில பழைய டிஜிகேம் மறுபடியும் தலைகாட்ட ஆரம்பிச்சிருக்கு. அப்பாவோட பீரோவில துணிக்கு அடியில தூங்கிக்கிட்டிருந்த கேமராவை எழுப்பி, புது பேட்டரி போட்டு, கல்ச்சுரல்ஸுக்குத் தூக்கிட்டு வர்றாங்க. சந்தோஷமான விஷயம்தான். ஆனா நம்ம ஊர் வெயில் மட்டும் மாறலையே! அதனால இந்த வாரம் ஒரு பழைய ஐட்டத்தைப் பத்திப் பேசுவோம். பேர், எக்ஸ்டர்னல் ஆப்டிகல் வியூஃபைண்டர். பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க. கேமராவோட தலையில தனியா மாட்டுற ஒரு குட்டி ஜன்னல். அவ்வளவுதான் மேட்டர்.

ஜன்னலுக்குள்ளே என்ன இருக்கு?

சின்ன வயசுல பைனாகுலரை முன்பின்னாத் திருப்பிப் பிடிச்சுப் பார்த்திருக்கீங்களா? பக்கத்துல நிக்கிற தம்பி பத்து வீடு தள்ளி நிக்கிற மாதிரி குட்டியாத் தெரிவான். இந்த ஃபைண்டரும் அந்த விளையாட்டுதான். 1609-ல் கலிலியோ வானத்தைப் பார்த்த டெலஸ்கோப்ல முன்னாடி குவிலென்ஸ், கண்ணுகிட்ட குழிலென்ஸ். அதை அப்படியே திருப்பிப் போடுங்க. முன்னாடி குழிலென்ஸ், கண்ணுகிட்ட குவிலென்ஸ். எதிர்ல இருக்கிற உலகம் கொஞ்சம் சுருங்கி, ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள வந்து சமர்த்தா உட்கார்ந்துக்கும். நல்ல ஃபைண்டர்னா உள்ளே வெள்ளைக் கோட்டுல ஒரு ஃப்ரேம் மிதக்கிற மாதிரி தெரியும். கோட்டுக்குள்ள இருக்கிறது படத்துல விழும். வெளியே இருக்கிறது விழாது.

இதுக்கு பேட்டரி கிடையாது. ஒயர் கிடையாது. கேமராவோட ஒரு வார்த்தைகூடப் பேசாது. கேமரா மேலே ஃப்ளாஷ் மாட்டுறதுக்கு ஹாட் ஷூனு ஒரு தண்டவாளம் மாதிரி இருக்குமே, அதுல சொருகினா வேலை முடிஞ்சது.

இது டிஜிட்டல் காலத்துச் சமாச்சாரமும் இல்ல. 1958-ல் லைக்கா கேமராவுக்கு 21 மி.மீ. லென்ஸ் வந்தது. அவ்வளவு அகலத்தைக் காட்ட கேமராவோட சொந்த ஃபைண்டரால முடியலை. அதனால தலையில தனி ஃபைண்டர் மாட்டிக்கிட்டுப் படம் எடுத்தாங்க. அந்தப் பழக்கம்தான் பல வருஷம் கழிச்சு டிஜிட்டலுக்கும் வந்தது.

2000-களோட முதல் பாதியில கேனான் பவர்ஷாட் ஏ520 மாதிரி பல கேமராக்கள்ல, பொட்டுக்கடலை சைஸ்ல ஒரு ஃபைண்டர் உள்ளேயே இருந்தது. படத்துல விழுறதுல சுமார் 80 சதவீதத்தைத்தான் காட்டும், ஆனா இருந்தது. ஸ்க்ரீன் ரெண்டு இன்ச், ரெண்டரை இன்ச், மூணு இன்ச்னு வளர வளர, கேமரா முதுகுல இடம் பத்தாம ஃபைண்டர் அவுட்! 'எங்களுக்கு அது வேணுமே'னு அடம்பிடிச்சவங்களுக்காக, தலையில மாட்டுற மாதிரி தனியா வித்தாங்க. 2005-ல் வந்த ரிக்கோ ஜிஆர் டிஜிட்டல், 2008-ல் வந்த பானாசோனிக் எல்எக்ஸ்3, 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்1 எல்லாத்துக்கும் இப்படி ஒரு ஜன்னல் உண்டு. 2019-ல் வந்த ரிக்கோ ஜிஆர் 3-க்கு 28 மி.மீ. ஃபைண்டர், 2021-ல் வந்த ஜிஆர் 3எக்ஸுக்கு 40 மி.மீ. ஃபைண்டர்.

என்ன லாபம், பாஸ்?

ஒண்ணு, வெயில். கண்ணை ஒட்டி வெச்சுப் பார்க்கிறதால பன்னிரண்டு மணி வெயில்லயும் பளிச்சுனு தெரியும்.

ரெண்டு, ஆட்டம் குறையும். கையை நீட்டிப் பிடிச்சா கேமரா ஊஞ்சல் மாதிரி ஆடும். கண்ணுல வெச்சா ரெண்டு கை, நெத்தி, ஆக மூணு இடத்துல பிடிமானம். முழங்கையை விலாவோட ஒட்டிக்கிட்டா இன்னும் கெட்டி.

மூணு, பேட்டரி. ஸ்க்ரீனை ஆஃப் பண்ணி வைக்கலாம். குட்டி கேமராக்கள்ல பேட்டரியும் குட்டிதானே. டூர் போற அன்னிக்கு இதோட அருமை தெரியும்.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கோட்டுக்கு வெளியேயும் தெரியும். ஸ்க்ரீன் படத்தை மட்டும்தான் காட்டும். ஃபைண்டரோ படத்துக்குள்ள இன்னும் வராத ஆளையும் காட்டும். இடது பக்கத்துல சைக்கிள் வருதா, வலது பக்கத்துல குழந்தை ஓடி வருதா, இன்னும் ரெண்டு செகண்ட்ல கோட்டுக்குள்ள நுழையுமானு பார்த்துக் காத்திருக்கலாம். தெருவுல படம் எடுக்கிறவங்க இதை விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது இதுக்காகத்தான்.

'இவ்வளவு சூப்பரான ஐட்டத்தை ஏன் எல்லாரும் வாங்கலை?'னு கேட்கிறீங்களா? அதுக்கு எழும்பூர் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வரணும்.

வைகை எக்ஸ்பிரஸ், ஜன்னல் சீட்

2008. நான் காலேஜ் கடைசி வருஷம். கண் ஆபரேஷனுக்காக மதுரையிலிருந்து வந்து எங்க வீட்டுல ரெண்டு மாசம் தங்கியிருந்த தாத்தா ஊருக்குக் கிளம்புறார். வைகை எக்ஸ்பிரஸ்ல ஜன்னல் சீட். ஃப்ரெண்டுகிட்ட இரவல் வாங்கின காம்பாக்ட் கேமரா என் கையில. அதோட தலையில இதே மாதிரி ஒரு ஃபைண்டர். பேட்டரியில ஒரே ஒரு கட்டைதான் பாக்கி. அதனால ஸ்க்ரீனை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்.

தாத்தா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறார். நெத்தி நிறைய திருநீறு. காலையில குளிச்சு, கண்ணாடியைக்கூடப் பார்க்காம, மூணு விரலால ஒரே இழுப்புல போட்டது. ரெண்டு மாசமா கண்ணுல கட்டும் கறுப்புக் கண்ணாடியுமா இருந்த மனுஷன், அன்னிக்குத்தான் எதையும் மறைக்காத கண்ணால என்னைப் பார்த்துச் சிரிச்சார். "என்னலே, எடுத்திட்டியா?"னார்.

நான் ரொம்பப் பக்கத்துல, ஒரு கை தூரம்கூட இல்லாம நின்னு ஃபைண்டர்ல பார்த்தேன். மேல் கோட்டுல தலை சரியா இடிக்குது. கீழ் கோட்டுல கம்பியைப் பிடிச்ச கை. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி ஃப்ரேம். க்ளிக். "எடுத்திட்டேன் தாத்தா." விசில். வண்டி நகர்ந்துடுச்சு.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன். கண்ணு இருக்கு. சிரிப்பு இருக்கு. கை இருக்கு. கைக்குக் கீழே, நான் கேட்காமலே, ரயில் பெட்டியோட நீல பெயிண்ட் ஒரு பட்டையா வந்திருக்கு. நெத்தி இல்ல. புருவத்துக்குக் கொஞ்சம் மேலே படம் முடிஞ்சு போச்சு. அந்தத் திருநீறு மொத்தமும் அவுட்.

கேமராமேல தப்பு இல்ல. ஃபைண்டர்மேலயும் தப்பு இல்ல. தப்பு எனக்கும் அதுக்கும் நடுவுல இருந்த 5 சென்டிமீட்டர்ல.

அந்த 5 சென்டிமீட்டர்

யோசிச்சுப் பாருங்க. ஃபைண்டர் இருக்கிறது கேமராவோட தலையில. லென்ஸ் இருக்கிறது வயித்துல. ரெண்டுக்கும் நடுவுல சுமார் 5 செ.மீ. வித்தியாசம்னு வெச்சுக்குவோம். நீங்க பார்க்கிறது மாடி ஜன்னல். படம் எடுக்கிறது கீழ்வீட்டு ஜன்னல். மாடியிலிருந்து தெரியுற மேல் விளிம்பு கீழ்வீட்டுக்குத் தெரியாது. இதுக்குப் பேர்தான் பேரலாக்ஸ். தமிழ்ல இடமாறு தோற்றப் பிழை.

இப்போ ஒரு குட்டிக் கணக்கு. 28 மி.மீ. லென்ஸ்னா, ஆள் நிக்கிற தூரம் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம் கம்மியான உயரம்தான் படத்துல அடங்கும். சரியாச் சொன்னா 28-க்கு 24. மூணு மீட்டர் தள்ளி நிக்கிற ஆளை எடுக்கும்போது, படத்துக்குள்ள சுமார் 2.6 மீட்டர் உயரம் விழும். அதுல 5 செ.மீ. போனா ஐம்பதுல ஒரு பங்கு. யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதே ஆளை அரை மீட்டர்ல எடுத்தா, படத்துக்குள்ள விழுற உயரம் வெறும் 43 செ.மீ. அதுல 5 செ.மீ. போனா கிட்டத்தட்ட ஒன்பதுல ஒரு பங்கு! ஒரு நெத்தி போறதுக்கு அது போதும்.

தூரத்துல இருக்கிறவங்களை எடுக்கும்போது இந்த ஜன்னல் பொய் சொல்லாது. பக்கத்துல வர வர, கொஞ்சம் கொஞ்சமாப் பொய் சொல்லும். ரொம்ப நெருக்கமானவங்களை எடுக்கும்போது நல்லாவே சொல்லும். அன்னிக்கு எனக்கு இது தெரியாது. ஃபைண்டர்ல நான் பார்த்ததுதான் படம்னு நம்பிட்டேன்.

மாட்டிக்கிட்டா இதெல்லாம் கவனிங்க

1. ஃபைண்டருக்கு ஒரே ஒரு அளவுதான் தெரியும். 28 மி.மீ. ஃபைண்டர்னா 28 மட்டும்தான். நீங்க ஜூம் பண்ணினாலும் அதுக்குத் தெரியாது. எல்எக்ஸ்3-ல 24-லிருந்து 60 மி.மீ. வரைக்கும் ஜூம் இருந்தது. ஆனா அதோட ஃபைண்டர் 24-க்கு மட்டும்தான். ஜூம் கேமராவில மாட்டினா லென்ஸை முழு அகலத்துல வெச்சுட்டு, ஜூம் பட்டனை மறந்துடுங்க. கிட்டத்துல வேணும்னா கால் இருக்கே, நடங்க.

2. ஒரு மீட்டருக்குள்ள யாராவது நின்னா ஸ்க்ரீனை ஆன் பண்ணுங்க. வெட்கப்பட வேண்டாம். ஸ்க்ரீன் இல்லாம எடுத்தே ஆகணும்னா ஒரு ட்ரிக். ஃபைண்டர்ல ஃப்ரேம் பண்ணுங்க. முடிச்சதும் கேமராவைச் சாய்க்காம அப்படியே நேரா 5 செ.மீ. மேலே தூக்கி க்ளிக் பண்ணுங்க. இப்போ ஃபைண்டர் இருந்த இடத்துக்கு லென்ஸ் வந்துடுச்சு இல்லையா? கணக்கு சரி. சில ஃபைண்டர்கள்ல மேல் கோட்டுக்குக் கீழே இன்னொரு குட்டிக் கோடு இருக்கும். பக்கத்துல எடுக்கும்போது அதுதான் உங்க மேல் எல்லை.

3. கேமராவை நெட்டுக்குத்தாத் திருப்பினா, ஃபைண்டர் மேலேயிருந்து பக்கவாட்டுக்குப் போயிடும். தப்பும் பக்கவாட்டுக்குப் போகும். தலை தப்பிக்கும், தோள் மாட்டும்.

4. ஃபோகஸ் ஆச்சா இல்லையானு ஃபைண்டர் சொல்லாது. எல்லாமே அதுல தெளிவாத்தான் தெரியும். நடுப்புள்ளியை ஆன் பண்ணி, பட்டனைப் பாதி அழுத்தி, 'பீப்' சத்தம் கேட்டதும் மீதியை அழுத்துங்க. இங்கேயும் அதே 5 செ.மீ. உண்டு. அரை மீட்டர்ல கண்ணைக் குறி வெச்சா, கேமரா அதுக்குக் கீழே ஃபோகஸ் பண்ணும்.

5. இதைவிட நல்ல வழி, ஃபோகஸை முன்னாடியே முடிவு பண்ணிடறது. ஜிஆர் கேமராக்கள்ல இதுக்கு ஸ்நாப் ஃபோகஸ்னு ஒரு வசதி இருக்கு. தூரத்தை நாமளே சொல்லிடலாம். ஜிஆர் 3-ல எஃப் 8 வெச்சு, தூரத்தை 2.5 மீட்டர்னு போட்டா, சுமார் 1.2 மீட்டர்லயிருந்து கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் எல்லாம் தெளிவா விழும். ஃபோகஸ் பத்திக் கவலையே வேணாம். பார்க்கணும், அழுத்தணும். அவ்வளவுதான். டிஜிகேம்ல சென்சார் இன்னும் சின்னது. அதனால தெளிவு இன்னும் தாராளமாக் கிடைக்கும்.

6. வெளிச்சம் கூடவா குறைவானும் ஃபைண்டர் சொல்லாது. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/800 சுமாரா வெச்சு ஆரம்பிக்கலாம். குழப்பமா இருந்தா 'பி' மோடுல விட்டுடுங்க.

7. மூக்குக்கண்ணாடி போட்டவங்களுக்கு ஃபைண்டரோட நாலு மூலையும் ஒரே பார்வையில தெரியாமப் போகலாம். வாங்குறதுக்கு முன்னாடி கண்ணாடியோட ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஃபைண்டரோட கண் பக்கம் உலோகமா இருந்தா உங்க கண்ணாடியில கீறல் விழும். அங்கே கொஞ்சம் மெல்லிய ரப்பர் ஒட்டிடுங்க.

8. ஹாட் ஷூவுல லூஸா இருந்தா சின்னதா ஒரு டேப் துண்டு வெச்சுச் சொருகுங்க. 29சி-யில புட்போர்டு அடிக்கும்போது கழண்டு விழுந்தா, தேடிக் கண்டுபிடிக்க முடியாத சைஸ் அது.

காசு இல்லையா? கல்யாணப் பத்திரிகை இருக்கே!

இந்தக் கண்ணாடித் துண்டு லேசுப்பட்டதில்ல. பிராண்டு ஐட்டமா வாங்கினா, பழைய டிஜிகேம் ஒண்ணையே வாங்கிடலாம் போல விலை சொல்வாங்க. ஆனா ஃபைண்டரோட பாடத்தை ஓசியில கத்துக்கலாம்.

வீட்டுல கெட்டியான கல்யாணப் பத்திரிகை ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதுல 7.2 செ.மீ. அகலம், 4.8 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்க. கண்ணுலயிருந்து 5.6 செ.மீ. தள்ளிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. 28 மி.மீ. லென்ஸ் பார்க்கிற அதே அகலம்தான் தெரியும்! இதுல மாயமந்திரம் ஒண்ணும் இல்ல. ஃபிலிம் ஃப்ரேமோட அளவு 36-க்கு 24 மி.மீ. அதையும் 28-ஐயும் ரெண்டால பெருக்கினேன். அவ்வளவுதான். 40 மி.மீ. வேணும்னா அதே ஜன்னலை 8 செ.மீ. தள்ளிப் பிடிங்க. அப்போ பார்வை குறுகுறது உங்களுக்கே புரியும்.

இதை வெச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா கேமரா இல்லாம சுத்துங்க. கேன்டீன், லைப்ரரி வாசல், பஸ் ஸ்டாப்பு எல்லாத்தையும் அட்டை வழியாப் பாருங்க. முதல்ல கிண்டல் பண்ணுவாங்க. ரெண்டு நாள்ல, அட்டையைத் தூக்காமலே, 'இங்க நின்னா அந்த மரம் உள்ளே வரும், அந்தக் கம்பம் வெளியே போகும்'னு உங்க கண்ணே சொல்ல ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் நீங்க எந்தக் கேமராவை எடுத்தாலும், போனா இருந்தாலும், எங்கே நிக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சுடும்.

கடைசியா...

தாத்தா அதுக்கப்புறம் சென்னைக்கு வரலை. அடுத்த வருஷம் தை மாசத்துல போய்ச் சேர்ந்துட்டார். மாலை போட்டு மாட்டுறதுக்குப் படம் தேடினப்போ, நல்லாச் சிரிச்சபடி இருந்தது அந்த ஒண்ணுதான். ஸ்டுடியோவுல கொடுத்து நெத்தியை ஒட்டவெச்சு வாங்கலாமானு நான் பாட்டியைக் கேட்டேன். பாட்டி படத்தை ரொம்ப நேரம் கையில வெச்சுப் பார்த்தாங்க.

"நெத்தியை நான் வெச்சு விட்டுக்கிறேன்டா. கண்ணு விழுந்திருக்குல்ல, அது போதும்"னாங்க.

ஃப்ரேம் போட்டு மாட்டினோம். பாட்டி இருந்தவரைக்கும், தினமும் காலையில விளக்கேத்திட்டு, படத்தோட மேல் விளிம்புல, சட்டத்தோட மரத்துல, மூணு விரலால திருநீறு இழுத்துட்டுப் போவாங்க. நெத்தி இருந்திருக்க வேண்டிய இடம் அதுதானே.

அதனால ஃப்ரெண்ட்ஸ், பஞ்சுமிட்டாய்க்காரரையும் கடலையும் எடுக்கும்போது ஜன்னலைத் தாராளமா நம்புங்க. அம்மாவையோ தாத்தாவையோ கை நீட்டுற தூரத்துல வெச்சு எடுக்கும்போது மட்டும், அந்த 5 செ.மீ.யை ஞாபகம் வெச்சு மேலே கொஞ்சம் இடம் விடுங்க. க்ளிக் பண்ணின உடனே, வண்டி கிளம்புறதுக்குள்ள, ஸ்க்ரீனை ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. பேட்டரி போனாப் போகுது.

இந்த வார ஹோம்வொர்க்: கல்யாணப் பத்திரிகை ஜன்னல் ரெடி பண்ணி, வீட்டுல வயசுல மூத்தவங்க ஒருத்தரை அதுல முதல்ல பாருங்க. அப்புறம் கேமராவை எடுங்க.